வழக்கம் நின்றுபோகும் நாட்கள்

ஏப்ரல் வந்தாலும் டிசம்பர் வந்தாலும் பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கத்தில் அதே அறிவுரைதான். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள், குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள், சின்னப் பிள்ளைகளின் கையில் வெடி கொடுக்காதீர்கள். இதில் எதுவும் பிழையில்லை. ஆனால் பண்டிகை நாளின் நோய்க்கும் விபத்துக்கும் நம் நாக்கும் ஆசையும்தான் முழுக் காரணம் என்ற எண்ணத்தை இது விதைத்துவிடுகிறது. பேஸ்லைன் வீதி வந்து முட்டும் ஒருகொடவத்தைச் சந்தியைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு அந்த விளக்கம் போதாது. ஒரு பக்கம் களனி ஆறு, மறுபக்கம் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள், இடையில் கொள்கலன் லொறிகள், தோட்டத்து வீடுகள், தொடர்மாடிகள். இரண்டு அறை வீட்டில் பதினைந்து பேர் கூடுகிற நாட்கள் இங்கே வருஷத்தில் பல: தைப்பொங்கல், புத்தாண்டு, வெசாக், நோன்புப் பெருநாள், தீபாவளி, நத்தார். ஒரு வீட்டின் பெருநாள் பலகாரத் தட்டாக அடுத்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

நாட்பட்ட நோய்க்காரரைப் பெரும்பாலும் காப்பாற்றி வைத்திருப்பது வழக்கம்தான்: அதே நேரத்துக் குளிசை, அதே அளவுச் சோறு, மாதாந்தக் கிளினிக், பழகிய தூக்கம். தெருவைக் காப்பாற்றி வைத்திருப்பதும் வழக்கம்தான்: குப்பை லொறி, கான் துப்புரவு, பீ.எச்.ஐ என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சுற்று. பண்டிகை இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவைக்கிறது. அன்றைக்குத் தின்றதைவிட, அன்றைக்கு நின்றுபோனவைதான் அதிகம் கெடுக்கின்றன என்பது என் கணிப்பு.

இதயத்திலிருந்து தொடங்கலாம். சுவீடனில் 1998 முதல் 2013 வரை பதிவான 2,83,000க்கும் மேற்பட்ட மாரடைப்புகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுகிறது. நத்தார் நாட்களில் மாரடைப்பு 15 சதவீதம் கூடியது. நத்தாருக்கு முந்தைய நாள் 37 சதவீதம். அதிலும் இரவு பத்து மணியளவில் உச்சம். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும்தான் பாதிப்பு அதிகம். குளிரைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது, ஏனென்றால் அங்கே ஜூன் மாதத்து நடுக்கோடை விழாவிலும் 12 சதவீதம் கூடியிருந்தது. உயிர்த்த ஞாயிறில் அந்தக் கூடுதல் இல்லை. அமெரிக்க மரணப் பதிவுகளை வைத்து 2004இல் வந்த இன்னொரு ஆய்வு, இதய நோயால் நேரும் சாவுகள் நத்தாரையும் ஆங்கிலப் புத்தாண்டையும் ஒட்டி உச்சத்துக்குப் போவதைக் காட்டியது. அதற்கு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று நமக்கு நன்றாகவே தெரிந்தது: நோயாளி வைத்தியசாலைக்குப் போகத் தாமதிக்கிறார்.

நம் வீடுகளில் அந்தத் தாமதத்துக்குப் பெயர் வாய்வு. மதியம் ஆட்டிறைச்சிப் புரியாணி, பிறகு வட்டிலப்பம், பின்னேரம் முறுக்கும் பிளேன்டீயும். ஏழு மணிக்கு மாமா நெஞ்சைத் தடவிக்கொண்டு மூலைக் கதிரையில் ஒதுங்குகிறார். என்னவென்று கேட்டால், "ஒண்டுமில்லை, வாய்வுதான்" என்கிறார். இஞ்சி இடித்துக் கொடுக்கிறார்கள், முதுகைத் தடவுகிறார்கள், படுக்கச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து வந்த சனத்தின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று அவரும் வாயைத் திறப்பதில்லை. சாதாரணப் புதன்கிழமை என்றால் மனைவி அவரை ஓட்டோவில் ஏற்றியிருப்பார். உண்மையில் அது வாய்வாகவே இருக்கலாம். ஆனால் வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் நோ, காரணமில்லாத சோர்வு என்பவற்றில் ஒன்று கூட இருந்தாலும் அதை வீட்டில் இருந்தபடி தீர்மானிக்க முடியாது, ஈ.சி.ஜி. வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு நோவே வராமலும் மாரடைப்பு வரும். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது, கட்டணம் இல்லை, பெருநாளிலும் ஓடும். கிளினிக் பூட்டியிருக்கலாம், அவசர சிகிச்சைப் பிரிவு பூட்டுவதில்லை. பண்டிகை நாளில் பேஸ்லைன் வீதி காலியாகக் கிடக்கும் என்பதால் தேசிய வைத்தியசாலைக்குப் போய்ச் சேருவது மற்ற நாளைவிடச் சுலபம். இடையில் நிற்பது கூச்சம் மட்டும்தான்.

மது பற்றி ஒரு வார்த்தை. விடுமுறையில் அளவுக்கு மீறிக் குடித்தவர்களுக்கு, இதய நோய் முன்பு இல்லாதபோதும், இதயத் துடிப்புத் தாளம் தப்புவதை 1978இல் எட்டிங்கர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பதிவு செய்தார்கள். நம் நாட்டில் புத்தாண்டுக்கும் போயாவுக்கும் மதுக்கடைகளைப் பூட்டுகிறார்கள். அதன் பலன், தேவையைவிட இரண்டு போத்தல் கூடுதலாக முதல்நாளே அலுமாரிக்குள் ஏறுவதுதான்.

சீனி வருத்தத்தின் கதை வேறு. இலங்கையின் வயதுவந்தோரில் ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் நீரிழிவு இருக்கிறது; கொழும்பு நகரத்தில் நிலைமை இன்னும் மோசம். பெருநாள் என்றதும் எல்லாரும் சீனி ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். "ஒரு துண்டு சாப்பிட்டா என்னக்கா, நாள் பெருநாளும் அதுவுமா" என்ற உபசாரத்துக்குப் பலியாகும் அக்காமாரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இறங்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சீனி ஏறினால் அது உடம்பை மெல்ல மெல்லக் கெடுக்கும், இறங்கினால் அரை மணித்தியாலத்தில் ஆளைச் சாய்த்துவிடும். புத்தாண்டில் புண்ணியகாலம் முடியட்டும், மருத்துநீர் வைத்துத் தலைமுழுகட்டும், பூசை ஆகட்டும் என்று காலைச் சாப்பாடு பதினொரு மணிக்குத் தள்ளிப்போகிறது. காலைக் குளிசை மட்டும் பழக்கத்தில் ஏழு மணிக்கே உள்ளே போய்விடுகிறது. அது கிளிபென்கிளமைட் வகைக் குளிசையாகவோ இன்சுலினாகவோ இருந்தால் கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, புத்தி தடுமாறல். அம்மம்மா ஏன் இன்றைக்குக் கோபப்படுகிறா என்று பேரப்பிள்ளைகள் கேட்கிற நேரத்தில் சிலவேளை பதில் இதுதான். தேநீர்க் கரண்டியால் மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணித்தியாலம் பார்த்து, தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தீபாவளி விருந்து முடிந்த கையோடு கந்தசஷ்டி விரதம் தொடங்குவதும் இந்தக் கணக்கில் சேரும். ஆறு நாள் உபவாசம் இருக்க விரும்புகிறவர், குளிசை அளவை மாற்றுவதைப் பற்றித் தீபாவளிக்கு முன்பே கிளினிக் வைத்தியரிடம் பேசிவிட வேண்டும். பேசுகிறவர்கள் மிகக் குறைவு.

ஏறும் சீனியில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2016 ஓகஸ்ட் முதல் இங்கே மென்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. விருந்தாளி கையில் கொண்டுவரும் ஒன்றரை லீற்றர்ப் போத்தல் சிவப்பு என்றால் அதற்குள் 165 கிராமுக்கு மேல் இருக்கிறது. பலகாரத்தைத் தட்டோடு தள்ளிவைக்கிறவர்கள் அந்தச் சோடாவைத் தண்ணீர்க் கணக்கில் வைத்துக் குடிக்கிறார்கள்.

அடுத்தது பானை. ஏப்ரல் முதல் இரு வாரங்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கிறது. தகரக் கூரை வீட்டின் நடு அறை மதியத்தில் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த அறையில்தான் சுபநேரத்துக்குப் பொங்கிய பாற்சோறு, வாழைப்பழம், பணியாரம் எல்லாம் மேசையில் காலை முதல் இருக்கின்றன. வருகிறவர்கள் பன்னிரண்டு மணி வரை ஒவ்வொருவராக வருகிறார்கள். சோற்றோடு தேங்காய்ப் பால் சேர்ந்தது வேறு. பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும் சூட்டையும் தாங்கும். சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. "நல்லாக் கொதிக்க வைச்சால் சரி" என்ற நம்பிக்கை இங்கேதான் கையை விரிக்கிறது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் சமைத்த உணவு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. கொழும்பு வெயிலில் அதையும் குறைத்துக்கொள்வது நல்லது. பெரிய பானையில் நடுச்சோறு ஆற வெகுநேரம் எடுக்கும், ஆகவே மிஞ்சியதை அகலத் தட்டுகளில் பரப்பி, சூடு தணிந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டியில் இடம் இருந்தால்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் குறைத்துச் சமைத்து இரண்டாம் முறை வடிப்பதை நான் ஆதரிக்கிறேன், சமைக்கிறவர் முறைத்துப் பார்த்தாலும்.

வீதியோரத்தில் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் வெசாக் தன்சலுக்குப் பதிவு வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து பீ.எச்.ஐ வந்து தண்ணீரையும் சமைக்கிறவர்களின் கையையும் பார்த்துவிட்டுப் போவார். களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதார வைத்திய அதிகாரி முறை உலகத்துக்கே முன்மாதிரியாகச் சொல்லப்பட்டது. ஆனால் நாற்பது பேர் சாப்பிடும் வீட்டு விருந்துக்கு எந்தப் பீ.எச்.ஐயும் வருவதில்லை. அங்கே பரிசோதகர் பெரியம்மாவின் மூக்குத்தான், அதற்கு நஞ்சின் மணம் எட்டாது.

கூடுவதாலேயே வரும் நோய் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் கையில் ஒரு சோடி உதாரணம் இருக்கிறது. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து கொவிட் பரவியது. ஒருகொடவத்தைக்கு அது ஆற்றுக்கு அந்தப் பக்கம். மேல் மாகாணத்தில் ஊரடங்கு வந்தது, பிறகு மாகாணத்தை விட்டு வெளியேறத் தடை வந்தது. நவம்பர் 14 தீபாவளியை அட்டனுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக முடியாமல் பல குடும்பங்கள் கைத்தொலைபேசித் திரையில் கொண்டாடின. ஐந்து மாதம் கழித்து, 2021 ஏப்ரல் புத்தாண்டுக்குக் கதவு திறந்தது. கடைத்தெருவும் பஸ்களும் நிரம்பின. ஏப்ரல் நடுவில் நாளொன்றுக்கு இருநூறு அளவில் இருந்த தொற்று மே நடுவில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. மே 21 முதல் நாடு முழுவதும் பயணத்தடை. அரசாங்க அறிக்கைகளே அதைப் புத்தாண்டுக் கொத்தணி என்று எழுதின. அல்பா திரிபு அப்போது உள்ளே வந்திருந்ததால் எல்லாப் பழியையும் பாற்சோற்று மேசையில் போடுவது நியாயமில்லை. ஆனாலும் நான்கு தலைமுறை ஒரே அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்த அந்த மூன்று நாட்கள் இல்லாமல் அவ்வளவு வேகம் வந்திருக்காது.

கொவிட் பின்வாங்கிவிட்டது. இன்புளுவென்சா பின்வாங்கவில்லை. இலங்கையில் அதற்கு ஆண்டில் இரண்டு பருவம், ஏப்ரலுக்குப் பின் ஒன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னொன்று. இரண்டும் நம் பயணப் பருவங்களை ஒட்டியே வருகின்றன. காய்ச்சலோடு உறவு வீட்டுக்குப் போவதை மரியாதை என்று நினைக்கிற பழக்கம் மாற வேண்டும். வராதவர்கள் மேல் மனக்குறை வைக்கிற பழக்கம் அதைவிட முக்கியமாக மாற வேண்டும், ஏனென்றால் முதலாவது பழக்கம் உயிரோடு இருப்பதே இரண்டாவதால்தான். கைக்குழந்தையை எல்லாரும் மாறி மாறித் தூக்கி முத்தமிடுவதைத் தடுக்கத் துணியும் இளம் தாயை நான் மெச்சுகிறேன். அவளுக்கு முதலில் ஆதரவாகப் பேச வேண்டியவர் மாமியார்.

தெருவைப் பற்றிச் சுருக்கமாக. நாட்டின் வீதிகளில் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள். 2025 மே 11 விடியற்காலை, வெசாக்குக்கு முந்தைய நாள், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கொத்மலை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீண்ட விடுமுறை, நிரம்பி வழிந்த பஸ், இரவு முழுக்க ஓட்டம். பயணி என்ற அளவில் நம்மால் செய்யக்கூடியது சின்னதுதான்: கடைசி இரவு பஸ்ஸைத் தவிர்த்து ஒரு நாள் முந்தியோ பிந்தியோ போவது. வேலைகொடுப்பவர் விடுமுறை தந்தால்தான் அதுவும் முடியும். துறைமுகத்தையும் கொள்கலன் முற்றத்தையும் நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அது எப்போதும் கிடைப்பதில்லை.

ஊருக்குப் போகிறவர் பூட்டிவிட்டுப் போகும் வீடும் கவனிக்க வேண்டியது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். ஏப்ரல் 11இல் பூட்டி 20இல் திறக்கிற வீட்டின் மாடித் தொட்டியிலும், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும், கழிப்பறைக் குழியிலும் ஒரு தலைமுறை வளர்ந்து முடிந்துவிடுகிறது. அதனால் கடிபடுகிறவர் பெரும்பாலும் ஊருக்குப் போகாமல் அருகில் இருந்தவர்தான். கழிப்பறையை மூடி வைப்பது, தட்டைத் துடைப்பது, வாளியைக் கவிழ்ப்பது எல்லாம் கால் மணித்தியால வேலை. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு எந்த நோ மருந்தும் வேண்டாம். விருந்துக்கு வந்த சித்தப்பா பையிலிருந்து எடுத்துத் தரும் இபுபுரொபன் குளிசை டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும்.

இனி, இந்தப் பகுதியில் பண்டிகைப் பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறவர் தாண்டிப் போக முடியாத நாள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு. ஒருகொடவத்தையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு பிற்பகலில் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புளூமெண்டல் மேடு மூடப்பட்டபின் 2009 முதல் கொழும்பின் குப்பை அங்கே போனது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 தொன். ஊர்க்காரர்கள் பல வருஷம் போராடினார்கள், மனுக் கொடுத்தார்கள், தெருவில் இருந்தார்கள். அன்றைக்கு அந்த வீடுகளில் இருந்தவர்கள் எந்தச் சுகாதார அறிவுரையையும் மீறவில்லை. வருஷப் பிறப்புக்கு வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான். வேலை நாளாக இருந்திருந்தால் பலர் வெளியே இருந்திருப்பார்கள். குடும்பம் முழுவதும் கூடுகிற நாளில் பாதுகாப்பில்லாத இடம் இன்னும் பாதுகாப்பில்லாததாகிறது.

அதற்கு முந்தைய வருஷமும் இப்படித்தான். 2016 மே மாத வெள்ளம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்தை மூழ்கடித்த வாரம் வெசாக் வாரம். நாகலகம் வீதியில் களனியின் மட்டம் பெருவெள்ள அளவான ஏழு அடியைத் தாண்டியது. கூடு கட்ட வைத்திருந்த மூங்கிலை விட்டுவிட்டுச் சனம் கூரைகளில் ஏறியது. மீதொட்டமுல்லைக்குப் பின் 2017 செப்டெம்பர் 1 முதல் சாப்பாடு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் ஷீட் தடைசெய்யப்பட்டது. அதே வருஷம் நாட்டில் 1,86,000 டெங்கு நோயாளர், நானூறுக்கும் மேற்பட்ட சாவுகள். குப்பையும் தேங்கிய தண்ணீரும் காய்ச்சலும் ஒரே கயிற்றின் முடிச்சுகள் என்பது அந்த வருஷம் இங்கே எல்லாருக்கும் தெரிந்தது. மறந்ததும் வேகமாகத்தான். பெருநாளுக்கு மறுநாள் லொறி வராமல் சந்தி மூலையில் கிடக்கும் கறுப்புப் பைகளைப் பார்த்தால் போதும். பெருநாள் வாரத்தில் குப்பை எடுக்கும் நாள் எது என்று மாநகர சபையும் நகர சபையும் முன்கூட்டியே அறிவித்து, அறிவித்தபடி வருவது, எந்தச் சீனி எச்சரிக்கையையும்விடப் பெரிய சுகாதாரப் பணி.

பிள்ளைகள் விஷயத்தில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. முழுக் கச்சானும் றம்புட்டான் விதையும் நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் மூச்சுக் குழாயில் சிக்கும். சுட்ட இடத்தில் இருபது நிமிடம் ஓடும் தண்ணீர் பிடிக்க வேண்டும், பற்பசை பூசக் கூடாது. வெடி கண்ணைக் கெடுத்தால் தேய்க்காமல் நேரே கண் வைத்தியசாலை. எந்தப் பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான் உண்மையான சிக்கல். பத்துப் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பிள்ளையை எல்லாரும் பார்க்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். கால் மணித்தியாலத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி ஒப்படைக்கிற வீடுகளில், குளத்துக்கும் கடலுக்கும் போகும்போதும், ஆபத்து குறைகிறது.

கடைசியாகக் குசினி. 2021 நவம்பர், டிசம்பரில் நூற்றுக்கணக்கான வீடுகளில் எரிவாயு அடுப்புகள் வெடித்தபோது பத்திரிகைப் படங்களில் இருந்தவை பெரும்பாலும் பெண்கள் நிற்கும் குசினிகள். பெருநாளன்று முதலில் எழும்புகிறவரும் கடைசியில் படுக்கிறவரும் அங்கே நிற்கிறவர்தான். வீட்டில் எல்லாருடைய குளிசை நேரத்தையும் மனதில் வைத்திருப்பவர் அவர். அவருடைய நேரத்தை வைத்திருக்க ஆள் இல்லை. ஐம்பத்தைந்து வயது, பிரஷரும் சீனியும், அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, எல்லாருக்கும் பரிமாறி முடித்துப் பின்னேரம் மூன்றரை மணிக்குச் சாப்பிட உட்கார்கிறார். இடையில் ருசி பார்க்கக் கையில் விட்டு நக்கியதுதான் உணவு. வீட்டில் தகராறு மூண்டாலும் நடுவில் நிற்பது அவர்தான். அது கைநீட்டும் அளவுக்குப் போனால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும், மனம் உடைந்தால் 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கமும் இருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் 1990ஐ ஒட்டுகிற இடத்திலேயே இவற்றையும் ஒட்டலாம். ஒருகொடவத்தைத் தொடர்மாடி ஒன்றில் மூன்று வீட்டு உறவுகள் பங்கிட்டுச் செய்வதைப் பார்த்தேன்: சோறு ஒரு வீட்டில், இறைச்சி ஒரு வீட்டில், மரக்கறி ஒரு வீட்டில். பன்னிரண்டரைக்கு முதல் பந்தி. அதில் உட்காருகிறவர்கள் சமைத்த மூன்று பெண்களும் குளிசை போடுகிற கிழவர்களும். பரிமாறுவது மருமகன்மார். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.